இத்தாலிய மொழியின் ‘அடங்காத’ வினைகள்: நிகழ்காலத்தில் ஒளிந்திருக்கும் ஒழுங்கு

பள்ளிக்கூடத்தில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்களுக்கு இந்த வரி மறந்திருக்காது: வந்தனன் = வா(வ) + த்(ந்) + த் + அன் + அன். ‘வா’ பகுதி, அது ‘வ’ எனக் குறுகியது விகாரம். அப்படித்தான் எழுதினோம், மதிப்பெண் வாங்கினோம். ‘வா’ என்பது ஒழுங்கற்ற வினை, அதற்கு விதியே கிடையாது என்று எந்தத் தமிழாசிரியரும் சொன்னதில்லை. எது மாறியது, எங்கே மாறியது என்று காட்டி, அதற்கு ஒரு பெயரும் கொடுத்தார்கள்.

இத்தாலியன் கற்கும்போது இந்த நல்ல பழக்கத்தை மறந்துவிடுகிறோம். “இது ஒழுங்கற்ற வினை, காரணம் கேட்காதே, பட்டியலை மனப்பாடம் செய்” என்ற அறிவுரைதான் எங்கும் கிடைக்கிறது. நானும் முதல் சில மாதங்கள் அப்படித்தான் படித்தேன். ஒரு வினைக்கு ஆறு வடிவம் என்று நோட்டு நிறைய எழுதி, இரவில் படித்ததைக் காலையில் மறந்தேன். அந்த அறிவுரை பெருமளவு தவறு என்பதே என் கருத்து. இந்த வினைகள் கண்டபடி மாறுவதில்லை. மாற்றம் குறிப்பிட்ட இடங்களில், குறிப்பிட்ட காரணத்தால் நடக்கிறது. அந்த இடங்களைக் காட்டத்தான் இந்தக் கட்டுரை.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. இத்தாலியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். த, ப, க ஆகியவற்றின் வல்லோசை, மெல்லோசை வேறுபாட்டைத் தமிழ் எழுத்து காட்டாது. ‘தாரே’ என்று எழுதினால் அதை ‘தர்மம்’ என்பதில் வரும் த போலப் படிக்க வேண்டும். ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒழுங்கான வினை எப்படி நடக்கும்?

அகராதியில் வினை எந்த உருவில் இருக்கிறதோ அதை மூல வடிவம் என்போம். இத்தாலியனில் அது மூன்று விதமாக முடியும்: ஆரே, ஏரே, ஈரே. பர்லாரே என்றால் பேசுதல். ப்ரேந்தெரே என்றால் எடுத்தல். தொர்மீரே என்றால் தூங்குதல். இந்த முடிவை வெட்டினால் மிஞ்சுவது பகுதி. அதோடு, யார் செய்கிறார் என்று காட்டும் விகுதியைச் சேர்க்க வேண்டும்.

இது தமிழருக்குப் பழகிய வழி. ‘வருகிறேன்’ என்றாலே ‘நான்’ என்பது விகுதியில் வந்துவிடுகிறது. தனியாகச் சொல்லத் தேவையில்லை. இத்தாலியனும் அப்படித்தான். பார்லோ என்றால் பேசுகிறேன். பார்லி, பேசுகிறாய். பார்லா, பேசுகிறான் அல்லது பேசுகிறாள். பர்லியாமோ, பேசுகிறோம். பர்லாத்தே, பலரைப் பார்த்து ‘பேசுகிறீர்கள்’. பார்லனோ, பேசுகிறார்கள். நாம், நாங்கள் என்ற வேறுபாடு அவர்களிடம் இல்லை. ஒருவரை மரியாதையாக அழைக்கும்போது ‘அவள்’ என்பதற்குரிய வடிவத்தையே பயன்படுத்துவார்கள்.

இன்னொரு வசதியும் உண்டு. பார்லோ என்பது வழக்கமாகப் பேசுவதையும் குறிக்கும், இந்த நிமிடம் பேசிக்கொண்டிருப்பதையும் குறிக்கும். நம் ‘பேசுகிறேன்’ போலத்தான். “நாளைக்கு வர்றேன்” என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதைப் போலவே அவர்களும் ‘தொமானி வெங்கோ’ என்பார்கள்.

விகுதி நம்மைக் கைவிடுவதில்லை

சரி, இப்போது அடங்காதவற்றுக்கு வருவோம். மூல வடிவத்தை மட்டும் பார்த்து எல்லா வடிவங்களையும் ஊகிக்க முடியவில்லை என்றால், அது ஒழுங்கற்ற வினை. அவற்றிலேயே மிக மோசமானது என்று பெயர் எடுத்தது எஸ்ஸெரே, அதாவது இருத்தல். அதன் ஆறு வடிவங்கள்: ஸோனோ, ஸேய், எ, ஸியாமோ, ஸியேத்தே, ஸோனோ.

பார்த்ததும் தலை சுற்றும். ஆனால் கடைசி ஒலிகளை மட்டும் கவனியுங்கள். ‘நான்’ வடிவம் ஓ என்று முடிகிறது. ‘நீ’ வடிவம் இ ஒலியில் முடிகிறது. ‘நாம்’ வடிவத்தில் இயாமோ. ‘நீங்கள்’ வடிவத்தில் தே. ‘அவர்கள்’ வடிவத்தில் னோ. பர்லாரேயில் பார்த்த அதே முடிவுகள்தான். நிகழ்காலத்தில் எந்த இத்தாலிய வினையை எடுத்தாலும் இந்த ஐந்தும் மாறுவதில்லை. அவன், அவள் வடிவம் மட்டும் ஆ என்றோ ஏ என்றோ முடியும். புவோ (முடியும்) என்ற ஒன்று அதிலிருந்தும் விலகி நிற்கும்.

ஆக இதுவரை: மாறுவது பகுதி, விகுதி நிலையாக நிற்கிறது. புதிய வினை ஒன்றைக் கேட்டாலும், செய்பவர் யார் என்பது கடைசி ஒலியிலேயே தெரிந்துவிடும்.

பலகை வளையும் இடம்

வாய்க்காலின் குறுக்கே ஒரு பலகை போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நின்றால் பலகை வளையும். கரையோரம் நகர்ந்துவிட்டால் நிமிர்ந்துவிடும். பலகை அதேதான், பாரம் விழும் இடம்தான் மாறியது.

இத்தாலியச் சொல்லில் அந்தப் பாரத்தின் பெயர் அழுத்தம்: ஒரு சொல்லில் ஓர் அசையை மட்டும் ஓங்கி, சற்றே நீட்டிச் சொல்வது. தமிழில் அழுத்தம் மாறினால் பொருள் மாறாது. அதனால் நம் காது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இத்தாலியனில் அது முக்கியம். ஒரே எழுத்துக்கூட்டல் கொண்ட ‘ஆங்கோரா’ என்ற சொல்லில் முதல் அசையை அழுத்தினால் நங்கூரம். நடு அசையை அழுத்தினால் ‘இன்னும்’.

வினையில் இந்தப் பாரம் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. நான், நீ, அவன், அவர்கள் என்ற நான்கு வடிவங்களிலும் அழுத்தம் பகுதியின் மேல் விழும். நாம், நீங்கள் என்ற இரண்டில் மட்டும் விகுதிக்கு நகர்ந்துவிடும். பார்லோவில் ‘பார்’ ஓங்கும். பர்லியாமோவில் ‘யா’ ஓங்கும். பார்லனோவில் மறுபடி ‘பார்’. (இதைப் பலர் ‘பர்லானோ’ என்று நடுவில் அழுத்துகிறார்கள். அது தவறு. இந்த ஒன்றைத் திருத்திக்கொண்டாலே பேச்சு பாதி இத்தாலியன் ஆகிவிடும்.)

பகுதியில் பலவீனமான உயிரொலி இருந்தால், பாரம் விழும்போது அது வளையும். லத்தீனிலிருந்து இத்தாலியன் உருவான காலத்தில், அழுத்தம் பெற்ற சில எ ஒலிகள் ‘இயே’ என்றும், சில ஒ ஒலிகள் ‘உவோ’ என்றும் விரிந்தன. அழுத்தம் பெறாதவை அப்படியே நின்றன. ஸெதேரே, அதாவது உட்கார்தல், இதற்கு நல்ல சாட்சி. இடப்பக்கம் ஒருமை, வலப்பக்கம் பன்மை:

ஸியேதோ (நான்) | ஸெதியாமோ (நாம்)
ஸியேதி (நீ) | ஸெதேத்தே (நீங்கள்)
ஸியேதே (அவன், அவள்) | ஸியேதொனோ (அவர்கள்)

‘ஸியே’ வரும் நான்கையும் சுற்றி ஒரு கோடு வரையுங்கள். இடப்பக்கம் மூன்று, அடியில் வலப்பக்கம் ஒன்று. ஒரு பூட்ஸின் உருவம் கிடைக்கும். வரைபடத்தில் இத்தாலியின் உருவமும் பூட்ஸ் என்பதால் இது மறக்காது. பூட்ஸுக்குள்ளே இருப்பவை வளையும், வெளியே இருக்கும் நாமும் நீங்களும் வளையாது.

மொரீரே, இறத்தல்: முவோரே என்றால் சாகிறான், மொரியாமோ என்றால் சாகிறோம். உஷ்ஷீரே, வெளியே போதல்: எஸ்கோ என்றால் வெளியே போகிறேன், உஷ்ஷாமோ என்றால் போகிறோம். இந்தக் கடைசி வினையில் பழைய லத்தீனின் எ ஒலி பூட்ஸுக்குள் தங்கிவிட்டது. வெளியே அது உ ஆனதற்கு, வாசற்கதவைக் குறிக்கும் ‘உஷ்ஷோ’ என்ற சொல்லின் சாயல் காரணம். வெளியே போகும் வினைக்குள் ஒரு கதவு இருக்கிறது. எனக்கு மிகப் பிடித்த இத்தாலிய வினை இதுதான்.

கப்பீரே (புரிந்துகொள்ளுதல்) போன்ற வினைகள் இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்க்கின்றன. பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே ‘ஈஸ்க்’ என்ற ஒரு துண்டைச் செருகி, பாரத்தை அதன் மேல் ஏற்றிவிடுகின்றன: கப்பீஸ்கோ, புரிகிறது எனக்கு. பூட்ஸுக்கு வெளியே அந்தத் துண்டு தேவையில்லை, ஆகவே கப்பியாமோ. நம் இடைநிலை உட்காரும் அதே இடம்தான், ஆனால் இது காலம் காட்டுவதில்லை.

சுருக்கமாக: அழுத்தம் பகுதியில் விழும் நான்கு வடிவங்கள் வளையும், மற்ற இரண்டும் மூல வடிவத்தை ஒட்டியே நிற்கும்.

திடீரென்று வரும் ஒரு ‘க்’

வெனீரே என்றால் வருதல். அதன் ‘நான்’ வடிவம் வெங்கோ, ‘அவர்கள்’ வடிவம் வெங்கொனோ. இடையில் வியேனி, வியேனே என்று ‘இயே’ வருவது மேலே பார்த்த பலகை விளைவு. ஆனால் இந்த ககர ஒலி எங்கிருந்து வந்தது?

பழைய இத்தாலியனில் ‘நான் வருகிறேன்’ என்பதற்கு ‘வெஞ்ஞோ’ போன்ற ஒரு வடிவம் இருந்தது. இயல்பாகவே ககரம் கொண்ட வேறு வினைகளைப் பார்த்து மக்கள் இதையும் அந்த அச்சில் வார்த்துவிட்டார்கள். அப்புறம் அது தொற்றிக்கொண்டது: தெனேரே (பிடித்தல்) தெங்கோ ஆனது, ரிமனேரே (தங்குதல்) ரிமாங்கோ ஆனது, ஸலீரே (ஏறுதல்) ஸால்கோ ஆனது. எல்லாவற்றிலும் அது வருவது இரண்டே இடம்: நான், அவர்கள். விகுதி ஓ ஒலியில் தொடங்கும் இடங்கள் அவை.

பெயரைச் சுருக்கிக்கொண்டவை

‘கொண்டு வா’ என்பதைப் பேச்சில் ‘கொண்டா’ என்கிறோம். தமிழ் கற்கும் ஒரு வெளிநாட்டவர் ‘கொண்டா’ என்பதை மட்டும் தெரிந்துவைத்திருந்தால், ‘கொண்டு வந்தேன்’ என்பது அவருக்கு ஒழுங்கற்றதாகத்தான் தெரியும். குழப்பம் வினையில் இல்லை. அவர் கையில் இருப்பது சுருங்கிய உருவம்.

பேரே (குடித்தல்) அப்படிப்பட்டது. அதன் முழு உருவம் பழைய ‘பேவெரே’. அந்தப் ‘பேவ்’ என்ற பகுதியை எடுத்துக்கொண்டால் பேவோ, பேவி, பேவே, பெவியாமோ, பெவேத்தே, பேவொனோ என்று ஒரு சிக்கலும் இல்லாமல் நடக்கும். தீரே (சொல்லுதல்) லத்தீனில் ‘தீகெரே’. ஆகவே தீக்கோ, சொல்கிறேன். ஃபாரே (செய்தல்) லத்தீனில் ‘ஃபாகெரே’. ஃபாச்சோ, செய்கிறேன், என்பதில் தென்படும் சகரம் அந்தப் பழைய ககரத்தின் மிச்சம்.

ஆறு வினை, ஒரே இயைபு

அடிதோறும் இறுதி ஒன்றி வருவதை யாப்பில் இயைபு என்கிறோம். இத்தாலியர்கள் நாள் முழுதும் வாயில் வைத்திருக்கும் ஆறு வினைகள் அந்த இயைபில் கட்டுண்டவை. நான், நீ, அவன், அவர்கள் என்ற வரிசையில் சத்தமாகப் படித்துப் பாருங்கள்:

உடைமை: ஓ, ஆய், ஆ, ஆன்னோ
அறிதல்: ஸோ, ஸாய், ஸா, ஸான்னோ
நிற்றல், நலமாயிருத்தல்: ஸ்தோ, ஸ்தாய், ஸ்தா, ஸ்தான்னோ
கொடுத்தல்: தோ, தாய், தா, தான்னோ
போதல்: வாதோ, வாய், வா, வான்னோ
செய்தல்: ஃபாச்சோ, ஃபாய், ஃபா, ஃபான்னோ

(மூல வடிவங்கள் முறையே அவேரே, ஸப்பேரே, ஸ்தாரே, தாரே, அந்தாரே, ஃபாரே.) இப்படி மேலிருந்து கீழாகச் சொன்னால் ஒரே பாட்டு. ஆறு தனித்தனி அட்டவணை என்று பிரித்துப் படித்ததால்தான் கடினமாகத் தெரிந்தது. இவற்றில் கடைசியில் வரும் நான்கு தவிர, ஆரே என்று முடியும் வினைகளில் ஒழுங்கற்றவையே இல்லை, இவற்றோடு முன்னொட்டுச் சேர்ந்து பிறந்தவற்றைத் தவிர. அந்தப் பெருங்கூட்டத்தில் நான்கே நான்கு!

இங்கே தமிழருக்கு ஒரு நன்மையும் ஒரு பொறியும் உண்டு. நன்மை, இரட்டித்த மெய். கனம், கன்னம் என்ற வேறுபாட்டில் வளர்ந்தவர்கள் நாம். ஸோனோ (இருக்கிறேன்), ஸொன்னோ (தூக்கம்) ஆகியவற்றைப் பிரித்துச் சொல்லப் பல ஐரோப்பியர்கள் சிரமப்படுவார்கள். நமக்கு அது பிறப்பிலேயே வந்தது. கொடுத்தலுக்கு ‘தா’ என்று வருவதும் தற்செயலாகக் கிடைத்த பரிசு.

பொறி, ‘வா’. ரோம் நகரில் ஒரு பேருந்து நிறுத்தத்தில், வண்டி பெரிய ரயில் நிலையமான தெர்மினிக்குப் போகுமா என்று கேட்டேன்: “வா ஆ தெர்மினி?” ஓட்டுநர் தலையாட்டிக்கொண்டே “வா, வா” என்றார். போகும், போகும் என்று பொருள். என் காதில் விழுந்ததோ, ஊரில் வாசலில் நின்று அழைக்கும் குரல். இத்தாலியனில் வா என்றால் போகிறது என்பதை எந்த அட்டவணையும் எனக்கு அவ்வளவு ஆழமாகப் பதித்திருக்காது.

அந்தாரே என்ற வினையில் இன்னொரு புதிரும் உண்டு. வாதோ என்பதற்கும் அந்தியாமோ என்பதற்கும் ஒலி உறவே இல்லை. காரணம், அவை வெவ்வேறு வினைகள். வாதோ, வாய், வா, வான்னோ ஆகியவை ‘வாதெரே’ என்ற லத்தீன் வினையின் பிள்ளைகள். மற்ற இரண்டும் வேறு வீட்டுப் பிள்ளைகள். இரண்டு குடும்பமும் ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டன. யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று பாருங்கள்: பூட்ஸுக்குள் ஒரு குடும்பம், வெளியே ஒரு குடும்பம்.

அன்றாட வினைகளுக்கே ஏன் இந்த நிலை?

தமிழிலும் கவனியுங்கள்: வா, தா, சா, நில், காண். விகாரப்படுபவை எல்லாம் பிள்ளைகள் முதலில் கற்கும் சொற்கள். நாளுக்கு நூறு முறை காதில் விழும் வடிவத்தை யாரும் மறக்க மாட்டார்கள். ஆகவே அது எவ்வளவு பழைய கோணலாக இருந்தாலும் தாயிடமிருந்து பிள்ளைக்கு அப்படியே போய்ச் சேரும். எப்போதோ ஒருமுறை வரும் வினையின் கோணலை நினைவில் வைக்க ஆளில்லை. வாய் தானாகவே பொது விதிக்கு இழுத்துவிடும். புதிதாக நுழைவதும் பொது விதிக்கே போகும். நாம் ‘கிளிக் பண்ணு’ என்று பண்ணுவைச் சேர்ப்பதைப் போல, இத்தாலியர்கள் ஆரே சேர்த்து க்ளிக்காரே என்று ஒழுங்கான வினை ஆக்கிவிட்டார்கள்.

எழுத்து மாறினால் ஒழுங்கு கெட்டதாகாது

இதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இங்கே வீண் பயம் நிறைய. செர்க்காரே (தேடுதல்) என்பதன் ‘நீ’ வடிவத்தை எழுதும்போது நடுவில் ஒரு ஹெச் எழுத்து முளைக்கும். அது இல்லாவிட்டால், இ ஒலிக்கு முன் அந்த ககரம் சகரமாக ஒலித்துவிடும். செர்க்கோ, செர்க்கி என்று வாயில் ஒலி மாறவே இல்லை. ஒலியைக் காக்கத்தான் எழுத்து மாறியது. இது முற்றிலும் ஒழுங்கான வினை. ஓ, ஆய், ஆ, ஆன்னோ ஆகியவற்றின் தொடக்கத்தில் எழுதப்படும் ஹெச் ஒலிப்பதே இல்லை. ‘அல்லது’, ‘ஆண்டு’ போன்ற அதே ஒலியுள்ள சொற்களிலிருந்து எழுத்தில் பிரித்துக் காட்ட அது நிற்கிறது.

ஆறில் இரண்டு போதும்

இவ்வளவும் தெரிந்த பிறகு, ஒரு புதிய ஒழுங்கற்ற வினைக்கு நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது மூல வடிவத்தோடு இரண்டே வடிவங்கள்: நான், நீ.

‘நீங்கள்’ வடிவத்துக்கு, மூல வடிவத்தின் கடைசி ‘ரே’யைத் ‘தே’ ஆக்குங்கள். வெனீரே, வெனீத்தே. ஃபாரே, ஃபாத்தே. எஸ்ஸெரேயும் பேரேயும் போன்ற சில மட்டும் இதற்கு அடங்காது. ‘நாம்’ வடிவத்துக்கு, மூல வடிவத்தின் பகுதியோடு இயாமோ. பேரே, தீரே போன்ற சுருங்கியவற்றில் பழைய முழு உருவின் பகுதியை எடுக்க வேண்டும்: பெவியாமோ, திச்சாமோ. ஏற்கெனவே பார்த்த ஸியாமோவைப் போலவே, அப்பியாமோ, ஸப்பியாமோ, ஃபச்சாமோ, பொஸ்ஸியாமோ, வொல்யாமோ, தொப்பியாமோ என்ற ஆறையும் தனியாகப் படிக்க வேண்டும். இந்த ஆறும் உடைமை, அறிதல், செய்தல், முடிதல், விரும்புதல், கட்டாயம் ஆகியவற்றின் ‘நாம்’ வடிவங்கள்; தினமும் வருபவை, தாமாகவே ஒட்டிக்கொள்ளும். அந்தியாமோ என்பது ‘போகிறோம்’ மட்டும் அல்ல, ‘வாங்க, போகலாம்’ என்ற அழைப்பும்கூட.

‘அவன்’ வடிவத்துக்கு, ‘நீ’ வடிவத்தின் கடைசி இ ஒலியை ஏ ஆக்குங்கள்: வியேனி, வியேனே. ‘அவர்கள்’ வடிவத்துக்கு, ‘நான்’ வடிவத்தோடு ‘னோ’ சேருங்கள்: வெங்கோ, வெங்கொனோ, எஸ்கோ, எஸ்கொனோ, பொஸ்ஸோ, பொஸ்ஸொனோ. இயைபுப் பாட்டின் ஆறு வினைகள் இந்த இரண்டிலும் தம் பாட்டுக்கே கட்டுப்பட்டவை. எஸ்ஸெரேயும் இந்த இரண்டுக்கும் அடங்காது. முடிதல், விரும்புதல் இரண்டின் ‘அவன்’ வடிவங்களை, புவோ, வுவோலே என்று அப்படியே வாங்கிக்கொள்ளுங்கள்.

ரிமனேரேயில் செய்து பார்ப்போம். கையில் இருப்பவை ரிமாங்கோ, ரிமானி. இவற்றிலிருந்து ரிமானே, ரிமனியாமோ, ரிமனேத்தே, ரிமாங்கொனோ என்று மீதி நான்கும் வந்துவிடும்.

இனி உங்கள் முறை. ஏறுதல், ஸலீரே. நான் வடிவம் ஸால்கோ, நீ வடிவம் ஸாலி. கீழே பார்க்காமல் மீதி நான்கையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அப்புறம் சரிபாருங்கள்.

ஸாலே, ஸலியாமோ, ஸலீத்தே, ஸால்கொனோ.